பையன் படிப்பதுதான் சரி

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஸே’, ‘டெல்’ இரண்டுக்கும் என்னிடம் உள்ள அகராதியில் ‘சொல்’ என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் எதை எங்கே போட்டாலும் சரிதானே? இன்னொன்று: ஆறாவது படிக்கும் என் மகன் ‘ஸே’யோடு எஸ் சேர்ந்தால் ‘ஸெஸ்’ என்று வாசிக்கிறான். ‘ஸேஸ்’ என்று எத்தனை முறை திருத்தினாலும் கேட்பதில்லை.
– வாசகி, விருத்தாசலம்

பதில்: முதலில் பையனைத் திருத்துவதை நிறுத்துங்கள் அம்மா. அவன் வாசிப்பதுதான் சரி. ‘பே’ என்பது ‘பேஸ்’ ஆகிறது, ‘ப்ளே’ என்பது ‘ப்ளேஸ்’ ஆகிறது, அதனால் இதுவும் அப்படித்தான் என்று நீங்கள் நினைத்தது புரிகிறது. ஆனால் இந்த வினைச்சொல் அந்த வழியில் போவதில்லை. நிகழ்காலத்தில் ‘ஸெஸ்’, இறந்தகாலத்தில் ‘ஸெட்’. ‘ரெட்’, ‘பெட்’ போலக் குறிலாகவே ஒலிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ‘ஏ’, ‘ஐ’ என இரண்டு உயிரெழுத்து இருக்கிறதே என்று ‘ஸெய்டு’ என இழுக்கக் கூடாது. சரியாகச் சொல்லும் பிள்ளையைத் தப்பு என்று அடக்கினால், அடுத்த தடவை வாயைத் திறக்கவே யோசிப்பான்.

அடுத்து, எதை எங்கே போட்டாலும் சரியா? இல்லவே இல்லை. ‘டெல்’ வந்தால் கேட்பவர் அதை ஒட்டியே வர வேண்டும்: ‘ஹி டோல்ட் மீ’. ‘ஸே’க்குச் சொன்ன விஷயம்தான் முக்கியம், ஆளையும் குறிப்பிட வேண்டுமென்றால் நடுவில் ‘டு’ வரும்: ‘ஹி ஸெட் டு மீ’. நம்மில் பலர் இதை அப்படியே தலைகீழாக்கி ‘ஹி ஸெட் மீ’, ‘ஹி டோல்ட் டு மீ’ என்கிறோம். ‘என்னிடம்’ என்பதில் உள்ள ‘இடம்’தான் ‘டோல்ட்’டுக்குப் பின்னால் ‘டு’வைக் கொண்டுவந்து வைக்கிறது.

பொய், உண்மை, கதை, மணி இவற்றுக்கு ‘டெல்’. அங்கே கேட்பவர் வராவிட்டாலும் பரவாயில்லை. ‘ஸாரி’, ‘தேங்க்யூ’, ‘யெஸ்’ எல்லாம் ‘ஸே’. அறிவிப்புப் பலகையும் கடிகாரமும்கூட ஆங்கிலத்தில் ‘ஸே’ செய்யும். “அகராதியில் போட்டிருக்கிறது” என்று எழுதினீர்களே, அதற்கு ஆங்கிலத்தில் ‘த டிக்‌ஷனரி ஸெஸ்’.

ஒரு சொல்லுக்கு எதிரே ஒரே சொல்லை வைக்கும் கையடக்க அகராதியில் இதில் எதுவுமே இருக்காது. அதை வைத்து வினைச்சொல் படிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, வேற்று மொழிக்காரர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை வகுப்பிலேயே பார்த்தவர். வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்று காட்டும் ஓர் அகராதியைச் சக ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து தயாரித்தார். 1942இல் டோக்கியோவில் வெளியான அதை 1948இல் ஆக்ஸ்போர்டு மறுபதிப்புச் செய்தது. இன்றைய ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதன் வழியில் வந்ததுதான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒலியையும் கேட்கலாம். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ‘ஸே’, ‘டெல்’ இரண்டையும் தேடி, அங்கே அவற்றின் கீழே உள்ள வாக்கியங்களை இருவரும் வாய்விட்டுப் படியுங்கள்.