ஓப்பன்பாக்ஸில் இன்ஸ்டால் செய்த செயலிகள் மெனுவில் வருவதில்லை. எங்கே போய்த் தேடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஆர்ச் லினக்ஸில் க்னோம், கேடீஈ போன்ற முழு டெஸ்க்டாப் எதுவும் இல்லாமல் ஓப்பன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜர் மட்டும் போட்டிருக்கிறீர்கள். கேடிஎன்லைவ் என்ற வீடியோ எடிட்டரும் கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் பெட்டகமும் பிழை எதுவும் காட்டாமல் இன்ஸ்டால் ஆகிவிட்டன. டெர்மினலில் பெயரை அடித்தால் திறக்கவும் செய்கின்றன. ஆனால் வலது கிளிக் செய்தால் வரும் மெனுவில் இரண்டையும் காணோம். போதாததற்கு, நீங்கள் போடவே போடாத சில செயலிகளின் பெயர்கள் அந்த மெனுவில் இருக்கின்றன, அவற்றைக் கிளிக் செய்தால் எதுவும் நடப்பதில்லை.

உங்கள் கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. அந்த மெனு உங்கள் கணினியைப் பார்த்து உருவானதே இல்லை, அவ்வளவுதான். ஓப்பன்பாக்ஸை உருவாக்கியவர்கள் ஒரு மாதிரிக்காக எழுதி வைத்த பட்டியல் அது.

நான் முதன்முதலில் ஓப்பன்பாக்ஸுக்கு மாறியபோது ஒரு பட எடிட்டரை மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்தேன். ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்துப் போட்டேன். ஒரு மாலைப்பொழுது முழுக்க அதிலேயே போனது. அன்று எனக்குத் தெரியாமல் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான். அதை உங்களுக்கு விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பிடிபட்டுவிட்டால் ஃபிளக்ஸ்பாக்ஸோ ஐ3-யோ ஸ்வேயோ, எந்த விண்டோ மேனேஜருக்குப் போனாலும் நீங்கள் தடுமாற மாட்டீர்கள்.

விண்டோ மேனேஜரின் வேலை ஜன்னல்களுக்குச் சட்டம் போடுவது, நகர்த்துவது, பெரிதாக்குவது, எந்த ஜன்னல் மேலே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. கணினியில் என்னென்ன இன்ஸ்டால் ஆகியிருக்கிறது என்பது அதன் கவலையே இல்லை. க்னோமிலும் கேடீஈயிலும் எல்லாம் தானாக மெனுவுக்கு வருகிறதே என்றால், அங்கே அதற்கென்று தனியாக ஒரு நிரல் உட்கார்ந்து ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைப் படித்துக்கொண்டே இருக்கிறது. ஓப்பன்பாக்ஸில் அந்த ஆள் கிடையாது. ஆனால் அவர் படிக்கும் ஃபோல்டர் உங்கள் கணினியிலும் அப்படியே இருக்கிறது.

யூஎஸ்ஆர் என்ற அடைவுக்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ். ஃபைல் மேனேஜரிலோ டெர்மினலிலோ இப்போதே போய்ப் பாருங்கள். டாட் டெஸ்க்டாப் என்று முடியும் கோப்புகள் வரிசையாக இருக்கும். கேடிஎன்லைவுக்கும் ஒன்று, கீபாஸ்எக்ஸ்சிக்கும் ஒன்று. இவை சாதாரண எழுத்துக் கோப்புகள்தான், எந்த எடிட்டரிலும் திறக்கலாம். உள்ளே நேம் என்ற வரியில் மெனுவில் காட்ட வேண்டிய பெயர், எக்ஸெக் என்ற வரியில் இயக்க வேண்டிய கட்டளை, ஐகான் வரியில் படம், கேட்டகரீஸ் வரியில் அது கிராஃபிக்ஸா, ஆஃபீஸா, நெட்வொர்க்கா என்ற வகை. 2000-ல் ஹேவாக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் திட்டம்தான் இந்த வடிவத்தைப் பொது விதியாகப் பராமரித்து வருகிறது. அதனால்தான் கேடீஈக்காக எழுதிய செயலி க்னோம் மெனுவிலும் ஒழுங்காக வருகிறது.

ஆக, இன்ஸ்டால் ஆன வரைகலைச் செயலிகளின் உண்மையான பட்டியல் அந்த ஃபோல்டர். மெனு என்பது அதைப் படித்துக் காட்டும் ஒரு முகம் மட்டும். உங்களுக்குத் தேவை அந்த ஃபோல்டரைப் படிக்கத் தெரிந்த ஒரு முகம்.

ஓப்பன்பாக்ஸில் இதற்கு நல்ல வழி பைப் மெனு. மெனுவின் ஒரு கிளையில் நிலையான பட்டியலுக்குப் பதிலாக ஒரு நிரலின் பெயரைக் கொடுத்துவிடலாம். நீங்கள் அந்தக் கிளையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓப்பன்பாக்ஸ் அந்த நிரலை ஓட்டி, அது தரும் வெளியீட்டையே மெனுவாக வரையும். காலையில் இன்ஸ்டால் செய்தது அடுத்த கிளிக்கிலேயே வந்துவிடும். ஓபிமெனு-ஜெனரேட்டர் இப்படி வேலை செய்யும் ஒரு பெர்ல் நிரல். அது நிலையான மெனுவையும் எழுதித் தரும், பைப் மெனுவாகவும் ஓடும். பைப் மெனுவையே தேர்ந்தெடுங்கள். நிலையான மெனு என்றால் புதிதாக எதையாவது போடும்போதெல்லாம் மறுபடி ஓட்ட வேண்டும், ஒரு மாதத்தில் அதை மறந்துவிடுவோம், பிறகு இதே கேள்விக்குத் திரும்ப வருவோம்.

எனக்குப் பிடித்தது ஜேஜிமெனு. இது எந்த விண்டோ மேனேஜரையும் சாராத தனி மெனு. டாட் டெஸ்க்டாப் கோப்புகளை நேரடியாகப் படித்து, வகைவாரியாகப் பிரித்து, படங்களோடு காட்டும். திறந்த மெனுவில் இரண்டு எழுத்து தட்டினால் பட்டியல் சுருங்கும். ஓப்பன்பாக்ஸின் அமைப்புகள் இருக்கும் ஆர்சி கோப்பில், வெற்றுத் திரையில் வலது கிளிக் செய்தால் ரூட் மெனுவைக் காட்டு என்று ஒரு கட்டளை இருக்கும். அதற்குப் பதிலாக ஜேஜிமெனு-ரன் என்பதை இயக்கும்படி மாற்றினால் போதும்.

மற்ற விண்டோ மேனேஜர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிளக்ஸ்பாக்ஸில் ஃபிளக்ஸ்பாக்ஸ்-ஜெனரேட் மெனு என்ற கட்டளை இருக்கிறது, மெனு கோப்பை அது புதிதாக எழுதிவிடும். நீங்கள் கையால் சேர்த்தவை அழியாமல் இருக்க அவற்றை யூசர்மெனு என்ற கோப்பில் வையுங்கள். ஐஸ்டபிள்யூஎம்முக்கு டாட் டெஸ்க்டாப் கோப்புகளைப் படிக்கும் உதவி நிரல் கூடவே வருகிறது. ஆசமில் மெனுபார் உள்ளேயே இருக்கிறது, சூப்பர் விசையுடன் (விண்டோஸ் படம் போட்ட விசை) பி அழுத்தினால் வரும். வேலண்டு என்ற புதிய திரைக்காட்சி முறைக்குப் போக நினைத்தால் லேப்டபிள்யூசி உங்களுக்கு வீடு மாதிரி இருக்கும், ஓப்பன்பாக்ஸின் மெனு வடிவத்தையே அது ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஐ3, டிடபிள்யூஎம் இரண்டிலும் வலது கிளிக் மெனுவே கிடையாது, டிமெனு என்ற மேல்பட்டைதான். இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். டிமெனு-ரன் அந்த அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரைப் பார்ப்பதே இல்லை. கட்டளைகளை எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பாத் மாறியில் இருக்கும் அடைவுகளில் உள்ள எல்லாக் கட்டளைகளையும் அள்ளிக் காட்டும். ஆயிரக்கணக்கில் வரும், அதில் பாதிக்கு மேல் டெர்மினலுக்கு மட்டுமே ஆனவை. பெயர் சரியாகத் தெரிந்திருந்தால் மின்னல் வேகம், தெரியாவிட்டால் காடு. டாட் டெஸ்க்டாப் கோப்புகளை மட்டும் காட்ட ஐ3-டிமெனு-டெஸ்க்டாப் இருக்கிறது, அல்லது ரோஃபி என்ற தேடல் மெனுவை டிரன் என்ற முறையில் ஓட்டலாம். ரோஃபியில் ரன் என்பதும் டிரன் என்பதும் ஒரே எழுத்து வித்தியாசம், ஆனால் முதலாவது பாத்தைப் படிக்கிறது, இரண்டாவது செயலிப் பட்டியலைப் படிக்கிறது. "ரோஃபி போட்டேன், ஆனாலும் வரவில்லை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

தமிழில் கணினியை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. டாட் டெஸ்க்டாப் கோப்பில் ஒவ்வொரு மொழிக்கும் தனியாக நேம் வரி இருக்கலாம். மொழி அமைப்பு தமிழில் இருந்தால், தமிழ்ப் பெயர் எழுதப்பட்ட செயலிகள் அந்தப் பெயரில்தான் தோன்றும். டிமெனு தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்து வரைவதில்லை, கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். ரோஃபி எழுத்துகளைக் கோத்து வரையும் பாங்கோ என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துவதால் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. அப்புறம், ரோஃபி பெயரை மட்டும் பார்ப்பதில்லை, எக்ஸெக் வரியிலும் தேடும். அதனால் திரையில் தமிழ்ப் பெயர் இருந்தாலும் ஆங்கிலக் கட்டளைப் பெயரைத் தட்டிக் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, இதையெல்லாம் செய்த பிறகும் ஏதாவது ஒன்று வராமல் போகலாம். எனக்கு அதிகம் நேரம் தின்றது இந்தப் பகுதிதான்.

பல சமயம் செயலி கண் முன்னாலேயே இருக்கும், வேறு பெயரில் இருக்கும். நாட்டிலஸ் என்ற ஃபைல் மேனேஜரை இன்ஸ்டால் செய்துவிட்டுப் பார்த்தால் மெனுவில் நாட்டிலஸ் என்ற பெயரைக் காண முடியாது, அதன் பெயர் அங்கே ஃபைல்ஸ். ஈவின்ஸின் பெயர் டாக்குமென்ட் வியூவர். ஒரு தொகுப்பு, அதாவது பேக்கேஜ், என்னென்ன கோப்புகளைக் கொண்டுவந்து போட்டது என்று தொகுப்பு மேலாளரிடமே கேட்டுவிடுவது நல்லது. கட்டளைக்குப் பின்னால் ஒரு சிறு கோட்டுக்குறி போட்டு, ஆர்ச்சில் பேக்மேனுக்குப் பெரிய கியூவும் சிறிய எல்லும், டெபியனில் டிபிகேஜிக்குப் பெரிய எல், ஃபெடோராவில் ஆர்பிஎம்முக்குச் சிறிய கியூவும் எல்லும். கூடவே தொகுப்பின் பெயர். வரும் பட்டியலில் டாட் டெஸ்க்டாப் என்று முடிவது இருந்தால் அதைத் திறந்து நேம் வரியைப் பாருங்கள். அப்படி ஒன்றே இல்லை என்றால் அது டெர்மினல் செயலியாக இருக்கும், யூஎஸ்ஆருக்குள் "பின்" என்ற பெயருள்ள அடைவில் வந்த கோப்பின் பெயர்தான் கட்டளை.

கோப்பு இருந்தும் மெனுவில் வராமல் இருந்தால், உள்ளே நோடிஸ்ப்ளே என்ற வரி ட்ரூ என்று இருக்கிறதா, ஒன்லிஷோஇன் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்லிஷோஇன் வரியில் க்னோம் என்று மட்டும் எழுதியிருந்தால் ஓப்பன்பாக்ஸில் அது மறைந்துதான் இருக்கும். பெரும்பாலும் அதற்கு நியாயமான காரணம் உண்டு. க்னோம் செட்டிங்ஸில் நீங்கள் மாற்றும் பலவற்றை ஓப்பன்பாக்ஸ் கேட்டுக்கொள்ளப் போவதில்லை. ஆனால் வேறு சூழலிலும் நன்றாக ஓடும் சில கருவிகளும் இப்படி மறைக்கப்படுகின்றன. அந்தக் கோப்பை உங்கள் ஹோம் அடைவுக்குள் டாட் லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்ற இடத்துக்கு அதே பெயரில் நகலெடுத்து, அந்த வரியை நீக்கிவிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் ஹோமில் இருப்பதுதான் செல்லும். யூஎஸ்ஆருக்குள் இருப்பதை நேரடியாகத் திருத்த வேண்டாம், அடுத்த அப்டேட் அதை அழித்துவிடும்.

எந்த லினக்ஸிலும் ஓடும்படி தனிப் பொதியாக வரும் ஃபிளாட்பேக் செயலிகள் தனிக் கதை. அவற்றின் டாட் டெஸ்க்டாப் கோப்புகள் வார், லிப், ஃபிளாட்பேக், எக்ஸ்போர்ட்ஸ், ஷேர் என்று வேறொரு பாதையில் இருக்கின்றன. மெனு நிரல்கள் அங்கேயும் பார்க்க வேண்டுமானால் எக்ஸ்டிஜி டேட்டா டர்ஸ் என்ற மாறியில் அந்தப் பாதை இருக்க வேண்டும். ஃபிளாட்பேக்கை முதன்முதலாகப் போட்டதும் ஒருமுறை லாக் அவுட் செய்து வந்தால் பொதுவாகச் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் உங்கள் அமர்வு தொடங்கும்போது ப்ரொஃபைல் கோப்புகள் படிக்கப்படவில்லை என்று அர்த்தம். ஓப்பன்பாக்ஸின் என்விரான்மென்ட் கோப்பில் அந்த மாறியை நீங்களே எழுதிவிடலாம். பழைய பாதைகளை விட்டுவிடாமல் அவற்றோடு சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் மற்ற எல்லாச் செயலிகளும் மறைந்துவிடும். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் ஒற்றைக் கோப்புச் செயலியான ஆப்இமேஜ் என்றால் டாட் டெஸ்க்டாப் கோப்பைக் கையால் எழுத வேண்டியிருக்கும். தலைப்பு வரி, டைப், நேம், எக்ஸெக், கேட்டகரீஸ், ஐந்தே வரிகள்.

வலையில் தேடும்போது இரண்டு அறிவுரைகள் அடிக்கடி கண்ணில் படும், இரண்டுமே உங்களுக்கு உதவாது. அப்டேட்-மெனுஸ் கட்டளையை ஓட்டச் சொல்வார்கள். அது டெபியனின் பழைய மெனு முறை. டாட் டெஸ்க்டாப் கோப்பு தரும் தொகுப்புகள் அந்தப் பழைய மெனுக் கோப்பைத் தரக்கூடாது என்று டெபியனின் தொழில்நுட்பக் குழு 2015-லேயே முடிவு செய்துவிட்டது. இன்னொன்று அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ். எந்த வகைக் கோப்பை எந்தச் செயலி திறக்கும் என்ற அட்டவணையைத்தான் அது புதுப்பிக்கிறது.

ரோஃபியே போதுமே, மெனு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் வேண்டும். தினமும் திறக்கும் ஏழெட்டுச் செயலிகளுக்கு மூன்று எழுத்து தட்டி என்டர் அடிப்பதைவிட வசதி எதுவும் இல்லை. ஆனால் தட்டுவதற்குப் பெயர் ஞாபகம் இருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பு ஒரே ஒரு பிடிஎஃப் வேலைக்காகப் போட்ட கருவியின் பெயர் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவதில்லை. ஆஃபீஸ் என்ற கிளையைத் திறந்து மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தால் படத்தைக் கண்டதுமே தெரிந்துவிடுகிறது. வகை பிரித்த மெனு அதற்காகத்தான் வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஜேஜிமெனுவை வலது கிளிக்கிலும், ரோஃபியின் டிரன் முறையைச் சூப்பர்-ஸ்பேஸிலும் வைப்பேன். பழைய மெனு கோப்பை முழுதாகத் தூக்கிப் போட வேண்டாம். அதில் இருக்கும் இல்லாத செயலிகளையெல்லாம் நீக்கிவிட்டு டெர்மினல், ஓப்பன்பாக்ஸை மறுபடி படிக்கச் சொல்லும் ரீகான்ஃபிகர், லாக் அவுட் மூன்றை மட்டும் விட்டு, வேறொரு விசைக்குக் கொடுத்துவிடுங்கள். ஜேஜிமெனு என்றைக்காவது திறக்காமல் போனால் டெர்மினலுக்குப் போக ஒரு வழி இருக்கும். மாற்றங்களைச் சேமித்து ரீகான்ஃபிகர் கொடுத்த பிறகு வலது கிளிக் செய்து பாருங்கள். கேடிஎன்லைவ் ஒலி, வீடியோ வகையிலும், கீபாஸ்எக்ஸ்சி கருவிகள் வகையிலும் இருக்கும். அப்போதும் ஏதாவது வரவில்லை என்றால், அதன் டாட் டெஸ்க்டாப் கோப்பில் உள்ளதை அப்படியே கருத்துப் பகுதியில் ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.