முட்டை மிதக்கும்வரை பஸ்ஸைப் பார்க்க மாட்டார்கள்

தம்பி, உன் கடிதம் கிடைத்தது. வேளாண் படிப்பில் கிராமத்தில் தங்கிக் கற்கும் ராவே பயிற்சிக்காக வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் தங்கியிருக்கிறாய். கோயில் வாசலில் விவசாயிகளைக் கூட்டி விதை நேர்த்தி பற்றிப் பேசும்போது மினி பஸ் ஹாரன் அடித்தது, பெரியவர் ஒருவரின் செல்போன் பாடியது, உனக்குப் பேச்சு நின்றுபோனது. இதற்காக வேளாண் அலுவலர் வேலையே ஒத்துவராது என்கிறாய். கொஞ்சம் பொறு.

பத்து நிமிடப் பேச்சை வரிவரியாக மனப்பாடம் செய்ததுதான் வினை. நடுவில் அறுந்தால் மறுபடி முதல் வரிக்குத்தான் ஓட வேண்டும். அடுத்த முறை சீட்டில் மூன்றே சொல் எழுதிக்கொள்: உப்புக் கரைசல், சூடோமோனாஸ் (விதையில் கலக்கும், நோய் தடுக்கும் நுண்ணுயிர்), நாற்றங்கால். எங்கே அறுந்தாலும் அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஒரு வாளித் தண்ணீரும் முட்டையும் கொண்டுபோ. (முட்டை என்பதால் கோயில் வாசலை விட்டுத் தள்ளி, மரத்தடிக்கு மாறிக்கொள்!) முட்டை முதலில் மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் மெல்ல மேலே வந்து நாணய அளவுக்கு வெளியே தெரியும். அந்த வேடிக்கையைப் பார்க்கிறவர் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்க மாட்டார். முட்டை மிதந்தால் உப்பு போதும் என்று அர்த்தம்; அந்தக் கரைசலில் விதைநெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரை நீக்கி, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் கழுவும் வேலையை ஒரு விவசாயியிடமே கொடு. கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்பதை அப்போது சொன்னால் அவர்களுக்கு மறக்காது, உனக்கும்தான்.

ஹாரனோடு போட்டி போட்டுக் கத்தாதே. பஸ் போகட்டும். போன் அடித்தால் முறைக்காமல், "பேசிட்டு வாங்க ஐயா, முட்டை காத்திருக்கும்" என்று சொல். ஒரு பள்ளி விழாவில் கரண்ட் போய் என் மைக் செத்தது. மேடையை விட்டு இறங்கிப் பிள்ளைகள் நடுவில் நின்று பேசினேன். மேடையில் இருந்ததைவிட அங்கே நன்றாகவே பேசினேன்.

வங்கி வேளாண் அலுவலர் தேர்வுக்கும் படிக்கிறாயே, அதை நடத்தும் ஐபிபிஎஸ்ஸில் மெயின்ஸும் நேர்முகமும் இறுதி மதிப்பெண்ணில் 80க்கு 20 என்று சேரும். நேர்முகத்தில் ஹாரன் இல்லை, குறுக்குக் கேள்வி உண்டு. அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, "முன்பு சொன்னதை முடித்துவிடட்டுமா சார்?" என்று கேள்.

அக்டோபர் 2 அன்று உன் ஊர் கிராம சபைக்குப் போ. வாய்க்கால் தூர்வாரியது பற்றி எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேள். நாலு பேர் குறுக்கே பேசுவார்கள். கேள்வியை முடிக்காமல் உட்காராதே. எப்படிப் போனது என்று எனக்கு எழுது.