கொம்பு மாடா, மோழை மாடா?

கேள்வி: மட்டக்களப்பு படுவான்கரையில் என் மாமா மாட்டுப் பட்டி வைத்திருக்கிறார். இறைச்சிக்காக அவர் விற்கும் நாம்பன்களை வாங்கவரும் வியாபாரி, கொம்பு நீண்டவற்றுக்கு விலையைக் குறைத்தே கேட்கிறார். கொம்பில்லாத மாடு கூடுதல் இறைச்சி தருமா? வளர்ந்த மாடுகளின் கொம்பை அறுத்துவிடலாமா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பிறவியிலேயே கொம்பில்லாத மாட்டைத் தமிழில் மோழை என்பார்கள். இனமும் தீனியும் ஒன்றாக இருந்தால், மோழைக்கும் கொம்பு மாட்டுக்கும் எடையில் சொல்லத்தக்க வேறுபாடு இராது. பட்டியில் நிற்கும்வரை உங்கள் மாமாவுக்கு நட்டமில்லை. அது லொறியில்தான் தொடங்குகிறது. நெருக்கி ஏற்றப்பட்ட மாடுகள் மணிக்கணக்காகக் குலுங்கி வரும்போது, ஒன்றின் கொம்பு மற்றதன் விலாவிலும் தொடையிலும் ஓயாமல் இடிக்கிறது. தோலுக்கு மேலே பெரும்பாலும் எதுவும் தெரியாது. உரித்த பிறகுதான், இரத்தம் கட்டி, ஈரல் நிறத்தில், தொட்டால் களிபோல் வழுக்கும் திட்டு கண்ணில் படும். அந்த இடம் விரைவில் கெட்டுப்போகும் என்பதால் கத்தியால் வழித்து எறிய வேண்டியதுதான். கொம்புள்ள மாடுகளின் கூட்டத்தில் இந்தச் சேதம் ஏறத்தாழ இரு மடங்கு என்று 1970களில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. கொம்பின் நுனியை மட்டும் வெட்டிவிடுவதால் அது குறையவில்லை என்பதும் அங்கேதான் தெரியவந்தது. ஆகவே வியாபாரி சொல்வதில் நியாயம் உண்டு; ஆனால் ஒரு லொறியில் அவர் எத்தனை மாடுகளை அடைக்கிறார் என்று மாமா திருப்பிக் கேட்பதிலும் நியாயம் உண்டு.

வளர்ந்த மாட்டின் கொம்பை அறுக்க வேண்டாம். கன்று பிறந்து ஏறத்தாழ இரண்டு மாதம்வரை கொம்புமொட்டு தோலோடு மட்டுமே ஒட்டியிருக்கும். பிறகுதான் மண்டையோட்டுடன் இணைகிறது. வளர்ந்த மாட்டில் கொம்பின் உட்பகுதி நெற்றி எலும்பின் காற்றறையோடு தொடர்ந்திருப்பதால், அறுத்தால் நெற்றிக்குள்ளேயே திறக்கும் ஒரு துளை மிஞ்சும். இரத்தம் பீறிடும், ஈ மொய்த்துப் புழு வைக்கும், மாடு இளைக்கும். கொம்பை அகற்றியே ஆகவேண்டுமென்றால், மொட்டு விரலுக்குத் தட்டுப்படும் இளங்கன்றிலேயே, மிருக வைத்தியர் மரப்பு ஊசி போட்ட பிறகு, சூட்டுக் கருவியால் பொசுக்க வேண்டும். ஊசியின்றிச் சுடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கன்று படும் வேதனை சிறிதன்று.

கத்தியும் சூடும் இல்லாத வழி இனவிருத்தி. ஸ்கொட்லாந்தின் அபர்டீன் அங்கஸ், கலோவே ஆகிய இறைச்சி இனங்கள் இயல்பாகவே மோழை. ஹெரபர்ட் கொம்புள்ள இனம். அதில் தற்செயலாக மோழையாகப் பிறந்த சிலவற்றை 1901இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாரன் காமன் என்பவர் தேடிச் சேர்த்து, மோழை ஹெரபர்ட்டை உருவாக்கினார். இது கைகூடியதற்குக் காரணம், மோழைத் தன்மைக்குரிய மரபணு ஓங்கு தன்மை உடையது, அதாவது தாய், தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வேலை செய்யும் என்பதே. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற நாம்பனைக் கொம்புப் பசுவோடு சேர்த்தால், பிறக்கும் கன்றுகளுக்கு முறையான கொம்பு வளராது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றதாக இருந்தால் சராசரியாகப் பாதிக் கன்றுகளுக்குக் கொம்பு வரும். சில கன்றுகளுக்கு, முக்கியமாக ஆண் கன்றுகளுக்கு, மண்டையோட்டில் ஒட்டாமல் தோலில் ஆடும் குறுங்கொம்பு முளைப்பதுண்டு. அதைக் கண்டு ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு மோழை நாம்பனின் விந்து கிடைக்குமா என்று பகுதி மிருக வைத்தியரிடம் கேட்கலாம். ஆனால் கொம்பை மட்டும் பார்த்து, நம் வெயிலையும் உண்ணியையும் தாங்காத இனத்தைப் பட்டிக்குள் கொண்டுவருவது புத்தியன்று.

இப்போது விற்பனைக்கு நிற்கும் நாம்பன்களைப் பொறுத்தவரை, கொம்பு நீண்டவற்றைத் தனியாகப் பிரித்து, லொறியின் நடுவே தடுப்புக் கட்டி ஏற்றச் சொல்லுங்கள்.