போர் தண்ணீரில் கழுவிய பேனலில் வெள்ளைப் படலம்

உங்கள் 3 கிலோவாட் சோலார் அமைப்பில் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12 யூனிட் வந்தது, இப்போது 9தான். வாராவாரம் போர் தண்ணீரில் கழுவியும் ஏறவில்லை என்கிறீர்கள். அந்தத் தண்ணீர்மீதுதான் என் முதல் சந்தேகம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் சுண்ணாம்புப் படலம் நிற்கும். வெறும் தண்ணீருக்கு அது போகாது.

இன்வெர்ட்டரில் முதலில் ஏசி (வீட்டு மின்சாரப் பக்கம்), பிறகு டிசி (பேனல் பக்கம்) சுவிட்சை அணையுங்கள். காலை 7 மணிக்குள், கண்ணாடி சூடேறும் முன், 1 பங்கு வெள்ளை வினிகரை 10 பங்கு ஆர்ஓ தண்ணீரில் கலந்து மெல்லிய துணியால் தடவுங்கள். 5 நிமிடம் கழித்து, காய்வதற்குள் ஆர்ஓ அல்லது மழைத் தண்ணீர் விட்டு அலசி, ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள். அலுமினிய பிரேமில் வினிகர் தங்கக் கூடாது. ஸ்டீல் நார், சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம். கண்ணாடியின் மேற்பூச்சு தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

கீழ் விளிம்பை விட்டுவிடாதீர்கள், பலர் கோட்டைவிடும் இடம் அது. பேனல் நெடுக்காக நின்றால் அங்கே படியும் சேறு அடிவரிசை செல்கள் எல்லாவற்றையும் மறைக்கும். இரண்டு விரல் அகலப் பட்டையே உற்பத்தியை நன்றாகக் குறைத்துவிடும்.

அதன் பிறகும் ஏறாவிட்டால், நண்பகலில் இன்வெர்ட்டர் திரையில் டிசி வோல்டேஜைப் பாருங்கள். வழக்கத்தைவிட 10 வோல்ட்டுக்கு மேல் நிலையாகக் குறைந்திருந்தால் பைபாஸ் டையோடை (மறைந்த செல்களைத் தாண்டி மின்சாரத்தை விடும் பேனலின் சிறு பாகம்) சோதிக்க ஆள் கூப்பிடுங்கள். வெயிலில் பேனல் வயர்களை இணைக்கும் கனெக்டரை நீங்களே பிடுங்காதீர்கள், தீப்பொறி பறக்கும்.