எம்.பி.பி.எஸ் இல்லாமல் கருத்தரிப்பு ஆய்வுக்குப் போக முடியுமா?

மதுரையில் பி.எஸ்சி விலங்கியல் படித்துக்கொண்டே இதைக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். சோதனைக்குழாய்க் குழந்தைக்கு வழிசெய்த ராபர்ட் எட்வர்ட்ஸே மருத்துவர் இல்லை. முதலில் வேளாண்மை, அப்புறம் விலங்கியல், எடின்பரோவில் எலிக் கருக்களை வைத்து 1955-இல் பிஎச்.டி. மனிதக் கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்த கட்டுரை 1969-இல் வந்தது. முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததோ 1978 ஜூலை 25-இல். நடுவே 1971-இல் பிரிட்டன் அரசின் மருத்துவ ஆய்வுக் கழகம் பணம் தர மறுத்தது. 1976-இல் முதன்முதலாகத் தரித்த கரு, கருப்பைக்குப் பதில் கருக்குழாயில் போய்த் தங்கிவிட்டது. எட்வர்ட்ஸுக்கு நோபல் 2010-இல்தான் கிடைத்தது; ஆய்வகத்தில் கூடவே உழைத்த ஜீன் பர்டி 1985-லேயே இறந்துவிட்டார். பொறுமை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மூர்க் கருத்தரிப்பு மையங்களிலும் முட்டையை எடுப்பது டாக்டர். அப்புறம் அது எம்ப்ரியாலஜிஸ்ட், அதாவது ஆய்வகத்தில் கருவை வளர்க்கும் நிபுணர் கைக்குப் போய்விடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், கோலமாவுத் துகள் மாதிரி. கரு வளரும் இன்குபேட்டர் 37 டிகிரியை விட்டு நகரக்கூடாது. மே மாதம் கரண்ட் போனால் நமக்கு வியர்க்கும். அங்கே எல்லார் கண்ணும் யுபிஎஸ் மேல்.

சரி, அடுத்து? எம்.எஸ்சி விலங்கியலோ உயிரித் தொழில்நுட்பமோ முடியுங்கள், காமராசர் பல்கலையிலேயே படிக்கலாம். ஆய்வுதான் வேண்டுமென்றால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி பிஎச்.டி.