ஒரு புது டூத்பிரஷ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2015இல் வந்த ‘அப்சல்யூட்லி எனிதிங்’ படத்தைச் சமீபத்தில் பார்த்தேன். ஒரு சாதாரணப் பள்ளி ஆசிரியருக்கு வேற்றுக்கிரகவாசிகள் எல்லையற்ற சக்தியைத் தருகிறார்கள். கையை அசைத்துச் சொன்னது நடக்கிறது. சிரித்தேன், ஆனால் நிறைவில்லை. இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் சக்தி போய், ஆள் பழையபடி ஆகிவிடுகிறான். ‘போதுமென்ற மனமே பொன்’ என்று பாடம் நடத்தத்தானா இவ்வளவும்? நம் இரணியன் கதையைவிட இதில் என்ன புதிது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் படத்தை மாண்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் டெர்ரி ஜோன்ஸ் இயக்கினார். குழுவில் உயிரோடிருந்த ஐவருமே வேற்றுக்கிரகவாசிகளாகப் பேசியிருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு மனதில் நிற்பது நாயகன் வளர்க்கும் நாய்தான். அதற்குக் குரல் கொடுத்த ராபின் வில்லியம்ஸ் 2014இலேயே போய்விட்டார்.

இந்த வகைக்கு மூத்தது ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1898இல் வெளியிட்ட ‘தி மேன் ஹூ குட் வொர்க் மிராக்கிள்ஸ்’ என்ற சிறுகதை. ஃபாதரிங்கே என்ற குமாஸ்தா மதுக்கடையில் உட்கார்ந்து, அற்புதம் என்று எதுவுமே கிடையாது என வாதாடிக்கொண்டிருக்கிறான். உதாரணத்துக்காக, விளக்கைத் தலைகீழாக எரியச் சொல்கிறான். எரிகிறது. இரணியன் தவமிருந்து, ஓட்டை விழாதபடி நிபந்தனை மேல் நிபந்தனை போட்டு வரம் வாங்கியவன். இவன் எதையும் கேட்கவில்லை, நம்பவும் இல்லை.

அன்றிரவு அறைக்குப் போய் என்ன செய்கிறான் தெரியுமா? ஒரு நத்தையை வரவழைத்து மறைய வைக்கிறான். தனக்கு ஒரு புது டூத்பிரஷ் வரவழைத்துக்கொள்கிறான். பிறகு ஒரு போலீஸ்காரரை ஆத்திரத்தில் நரகத்துக்கு அனுப்பி, மனது கேட்காமல் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றுகிறான். அவர் ரயிலேறித் திரும்பக் கிளம்புவார், ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்ப வேண்டும், பாவம், டிக்கெட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று இவனுக்குக் கவலை!

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். மேடிக் என்ற பாதிரியாரும் அவனும் சேர்ந்து இரவோடிரவாக ஊரைத் திருத்துகிறார்கள். குடிகாரர்கள் திருந்துகிறார்கள், சாராயமெல்லாம் தண்ணீராகிறது. மணி மூன்று. காலை எட்டுக்கு வேலைக்குப் போக வேண்டும் என்கிறான் ஃபாதரிங்கே. உலகையே மாற்றக்கூடியவனுக்கு, வேலைக்குப் போகாமலிருக்கலாம் என்று தோன்றவே இல்லை. விடியாமலிருக்கப் பூமியை நிறுத்தச் சொல்கிறார் பாதிரியார். பைபிளில் யோசுவா சூரியனையே நிறுத்தினாரே!

நிறுத்துகிறான். இங்கேதான் இது அறிவியல் புனைகதை ஆகிறது. நிலநடுக்கோட்டில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர். தெற்கு இங்கிலாந்தில் ஆயிரத்துக்குச் சற்று மேல். ‘நில்’ என்ற கட்டளை பூமிக்கு மட்டும்தான். அதன் மேலிருந்த வீடு, மரம், ஆடுமாடு, காற்று, கடல் எதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லையே. எல்லாம் அதே வேகத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கின்றன. சக்திக்கு எல்லை இல்லை. பள்ளிக்கூடப் பௌதிகம்தான் இல்லை.

அவன் திருந்தியெல்லாம் சக்தியை விடவில்லை. நடுங்கிப்போய், சக்தி போகட்டும், விளக்கு தலைகீழாவதற்கு முன்பிருந்தபடி எல்லாம் ஆகட்டும் என்கிறான். ஆகிறது. நினைவும் சேர்ந்தே அழிகிறது. மறுபடி மதுக்கடை, மறுபடி ‘அற்புதமே கிடையாது’ வாதம். இதில் யார் என்ன பாடம் கற்றார்கள், சொல்லுங்கள்?

நீங்கள் பார்த்த படத்திலும், சொன்னது மட்டுமே நடக்கும் இந்தச் சூட்சுமம் ஓரிடத்தில் வேலை செய்கிறது: செத்தவர்கள் எழட்டும் என்றதும் கல்லறைப் பிணங்கள் அழுகிய உடம்போடு வருகின்றன. ஆனால் நாயகன் நல்லவனா என்ற பரீட்சையைக் கதையின் மையத்தில் வைத்துவிட்டார்கள். பரீட்சை என்று வந்தால் அவனைத் தேற வைத்தாக வேண்டும். உங்கள் எரிச்சல் அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

வெல்ஸ் கதையை 1936இல் படமாகவும் எடுத்தார்கள். திரைக்கதையில் வெல்ஸுக்கே பங்குண்டு. வானத்திலிருந்து வேடிக்கை பார்க்கும் தேவர்கள் அந்தப் படத்தில்தான் சேர்ந்தார்கள். கதையில் அவர்கள் இல்லை, யார் சக்தி கொடுத்தார்கள் என்ற விளக்கமும் இல்லை. கதையை முதலில் படியுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது.