மருந்துக்கு அடங்காத இழுப்பு

கேள்வி: எனது மகனுக்கு ஒன்றரை வயது. பிறந்த முதல் மாதத்திலிருந்தே மூச்சில் ஒரு சத்தம் இருக்கிறது. முட்டு வருத்தம் என்று நெபுலைசர் பிடித்தும் பெரிய மாற்றமில்லை. குழைத்த சோறு ஊட்டினாலும் புரைக்கேறுகிறது. இரத்தக்குழாயின் பிறவிக் குறைபாட்டாலும் இப்படி வரும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: உண்மைதான், ஆனால் அது அரிது. கருவில் சோடி சோடியாக உருவாகும் நாடி (இரத்தக்குழாய்) வளைவுகளில் மறைய வேண்டிய ஒன்று மறையாமல் தங்கிவிட்டால், இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி இரண்டாகப் பிரிந்து மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சேர்த்துச் சுற்றி இறுக்கக்கூடும். சிலருக்கு இடது சுவாசப்பை நாடி தவறான இடத்தில் தொடங்கி, அவ்விரு குழாய்களுக்கும் நடுவே புகுந்து செல்லும். இருதயம் பெரும்பாலும் நன்றாகவே இருப்பதால் பிள்ளை நீலம் பாய்வதில்லை. ஆகவே சந்தேகம் எழுவதற்கே காலம் செல்கிறது.

தொய்வில், அதாவது முட்டு வருத்தத்தில், சுருங்குவது உள்ளேயுள்ள சிறு சுவாசக்குழாய்கள். நெபுலைசரில் இடும் சல்பியூட்டமோல் மருந்து அவற்றின் தசையைத் தளர்த்துவதால் இழுப்பு தணிகிறது. வெளியிலிருந்து அழுத்தும் நாடியை எந்த மருந்தும் தளர்த்தாது. மாரி காலத்துச் சளியில் இரண்டுமே கூடும் என்பதால், சளி இல்லாத நாட்களில் பிள்ளை எப்படி மூச்சு விடுகிறது என்பதையே நான் முதலில் கேட்பேன். அந்நாட்களிலும் சத்தம் ஓயாமலிருப்பது, மூச்சை உள்ளிழுக்கும்போதும் அது கேட்பது, நாய் குரைப்பது போன்ற இருமல், உண்ணும்போதும் அழும்போதும் திணறுவது, தலையைப் பின்னுக்குச் சாய்த்தே படுப்பது ஆகியவை கவனிக்கத் தக்கவை. நீங்கள் எழுதியவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைப்பது, முதல் மாதத்திலேயே தொடங்கிய சத்தமும் திட உணவில் புரைக்கேறுவதும் ஒன்றாக இருப்பதுதான். குரல்வளை மென்மை, உணவு மேலெழுதல் போன்ற வேறு காரணங்களும் உள்ளன. கடிதத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலாது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணரிடம், பிள்ளை உறங்கும்போதும் உண்ணும்போதும் எடுத்த காணொளிகளுடன் செல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் பெருநாடி வலப்புறம் வளைந்திருந்தால் அது ஒரு தடயம். இருதயத்தை ஒலி அலைகளால் பார்க்கும் எக்கோவும், நாடிகளைக் காட்டும் சீ.டி. ஸ்கேனும் ஐயத்தைத் தீர்க்கும். இரட்டைப் பெருநாடி வளைவை அறுத்துப் பிரிக்கும் சத்திரசிகிச்சையை 1945 இல் பொஸ்டனில் சத்திரசிகிச்சை நிபுணர் றொபர்ட் குறொஸ் செய்து காட்டினார். இன்று அது நன்கு பழகிய சிகிச்சை. அழுத்தப்பட்ட மூச்சுக்குழாய் உறுதிபெறும் வரை, சத்திரசிகிச்சைக்குப் பின்னும் சில மாதங்கள் சத்தம் நீடிக்கலாம். அதைக் கண்டு மனந்தளர வேண்டாம்.

இப்போது தரும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். உதடு நீலமானாலோ, மூச்சு இடையில் நின்றாலோ, விலா எலும்புகளுக்கிடையே தசை உள்வாங்கினாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.